சென்னை வீட்டுத் தோட்டத்தில் வெங்காயத்தாள்: எந்த ரகம், எந்தப் பருவம்

கடையில் 'ஸ்பிரிங் ஆனியன்' என்று எழுதிய விதைப் பாக்கெட்டை வாங்கி, ஏப்ரல் மாதம் மொட்டைமாடித் தொட்டியில் தூவி, பத்து நாளில் நூல் மாதிரி முளைத்தது, அடுத்த வாரமே காணாமல் போனது. சென்னையில் வெங்காயத்தாள் வளர்க்கத் தொடங்கும் பலருக்கு முதல் அனுபவம் இதுதான். இதில் கைராசியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரகமும் பருவமும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பொருத்தமாகத் தேர்ந்தெடுத்தால் இந்த ஊரில் வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் வீட்டுத் தாளையே சமையலுக்குப் பறிக்கலாம்.

வெங்காயத்தாள் என்று நாம் வாங்குவது ஒரே செடி இல்லை. மூன்று வகை இருக்கிறது.

முதலாவது, சாம்பார் வெங்காயத்தின் தாள். சின்ன வெங்காயத்தையே நட்டு, அது கொத்தாகப் பிரிந்து காய் கட்டுவதற்கு முன்னால் பறிப்பது. இரண்டாவது, பெல்லாரி எனப்படும் பெரிய வெங்காயத்தை விதை போட்டு வளர்த்து, அடி பருக்கும் முன் இளசாகப் பிடுங்குவது. மார்க்கெட்டில் அடியில் கோலிக்குண்டு அளவு வெள்ளைக் குமிழோடு கட்டுக்கட்டாக வருவது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, 'பஞ்சிங் ஆனியன்' என்கிற தனி இனம். இது எவ்வளவு நாள் விட்டாலும் உருண்டையாகக் காய் கட்டாது. பக்கத்தில் பக்கத்தில் புதுக் கன்றுகளாகத் தூர் வெடித்துக்கொண்டே போகும்.

இவற்றை அடையாளம் காண ஒரு தாளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டுவாய் முழு வட்டமாக இருந்தால் பஞ்சிங். ஒரு பக்கம் லேசாகத் தட்டையாகி, அரைவட்டத்தை ஒட்டி வந்தால் பெரிய வெங்காயம். உள்ளே குழலே இல்லாமல் புல் மாதிரி தட்டையாக இருந்து பூண்டு வாசம் வந்தால் அது வெங்காயமே இல்லை, 'கார்லிக் சைவ்ஸ்' எனப்படும் பூண்டுத்தாள். பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் வளர்ந்த பிறகு இந்த வெட்டுவாய் பொய் சொல்லாது.

முதல் முறை வைப்பவர்களுக்கு: சாம்பார் வெங்காயம்

புதிதாகத் தொடங்குபவர்கள் விதைப் பாக்கெட்டைத் தொட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சாம்பார் வெங்காயத்தில் தொடங்குங்கள். விதையிலிருந்து வரும் நாற்று முதல் ஒன்றரை மாதம் மயிரிழையாக நிற்கும். ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் போய்விடும். வெங்காயத்தை நடும்போது அந்த ஆபத்தான பருவமே இல்லை. செடிக்கு வேண்டிய சாப்பாடு குமிழுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாறு நாளில் பச்சை எட்டிப் பார்க்கும். 25 நாளில் முதல் முறை நறுக்கலாம்.

கால் கிலோவில் சுமார் 30-லிருந்து 40 வெங்காயம் நிற்கும். ஒரு நீளப் பைக்கு அது போதும். மளிகைக்கு வாங்குவதையே நடலாம், ஆனால் பொறுக்கி எடுக்க வேண்டும். நடுத்தர அளவாகப் பாருங்கள். மிகப் பொடியானது இரண்டு தாள் விட்டு நின்றுவிடும். தோல் காய்ந்து சலசலக்க வேண்டும். அடியில் வேர்த்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அழுகல் உள்ளே போய்விட்டது, அது குழம்புக்குக்கூட ஆகாது. தோலுக்கடியில் கரித்தூள் மாதிரி கருப்பு படிந்திருந்தால் அதுவும் வேண்டாம். நுனியில் பச்சை லேசாகத் தெரியும் வெங்காயத்தைச் சமையலுக்கு வாங்குபவர்கள் ஒதுக்குவார்கள். நடுவதற்கு அதைவிட நல்லது கிடையாது.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. அறுவடையாகி உடனே வந்த புது வெங்காயம் சும்மா மண்ணுக்குள் கிடக்கும், முளைக்காது. வெங்காயத்துக்கு உறக்க காலம் இருக்கிறது. விவசாயிகள் பட்டறை போட்டு (காற்றாடச் சேமித்து) ஒன்றிரண்டு மாதம் ஆறவைத்து, அதன் பிறகே விதை வெங்காயமாக எடுப்பார்கள். கழுத்து இன்னும் தடித்து ஈரமாக, தாளின் அடிக்கட்டை ஒட்டிக்கொண்டு இருந்தால் அது புதுசு என்று தெரிந்துகொள்ளலாம். அதை ஒரு மூங்கில் கூடையில் காற்றாடப் போட்டு வைத்து, நுனியில் பச்சை தெரியத் தொடங்கியதும் நடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் தோலுரித்து விற்பதை நடவே கூடாது. தோல் போன இடம் வழியாகப் பூஞ்சை நேராக உள்ளே போகும்.

ரகம் பார்த்து வாங்க வாய்ப்புள்ளவர்களுக்கு: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சின்ன வெங்காயத்தில் கோ வரிசை ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் கோ 5 நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் ரகம் என்பதால் விதை போட்டும் வளர்க்கலாம். வீட்டுக்குத் தாள் மட்டும் போதும் என்றால் இந்த வித்தியாசம் பெரிதில்லை. நல்ல திண்டுக்கல் வெங்காயமோ பெரம்பலூர் வெங்காயமோ கிடைத்தாலே போதும்.

சமையல் பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பார் வெங்காயத்தின் தாள் மெல்லியது, காரம் தூக்கல். பொரியல், பாசிப்பருப்புக் கூட்டு, துவையல், கருவாட்டுத் தொக்கு ஆகியவற்றில் அதன் மணத்தை வேறொன்று தராது. ஃபிரைட் ரைஸ், சூப் மேலே பச்சையாகத் தூவ அது கொஞ்சம் உறைக்கும். அதற்கு மற்ற இரண்டும்தான் சரி.

நடும் முறை

பை அல்லது தொட்டி ஆழம் 6-லிருந்து 8 அங்குலம் போதும். வெங்காய வேர் அதற்குக் கீழே அதிகம் போகாது. ஆழத்தைவிட அகலம்தான் லாபம். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம் உள்ள பை ஒன்றும், 12 அங்குல வட்டப் பை ஒன்றும் வைத்துக்கொண்டால் தொடங்கலாம். வட்டப் பைக்கு ஏறக்குறைய 10 லிட்டர் மண்கலவை பிடிக்கும்.

செம்மண் 2 பங்கு, தென்னைநார்க் கழிவு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, வட்டப் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து, தண்ணீர் தெளித்து ஒரு வாரம் விட்டுவிடுங்கள். கலந்த வேகத்தில் நட்டால் புண்ணாக்கின் சூடு வேரைச் சுடும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, இன்னும் ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். மற்ற செடிகளுக்கு இதில் கொஞ்சம் அசட்டையாக இருக்கலாம், வெங்காயத்துக்கு முடியாது. காய்கறிப் பயிர்களிலேயே உப்பைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்தவற்றில் வெங்காயம் ஒன்று. அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும்.

விதை வெங்காயத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடுங்கள். வரிசைக்கு வரிசை 3 அங்குலம், வெங்காயத்துக்கு வெங்காயம் 2 அங்குலம். காய்க்காக நடுபவர்கள் இதைவிட இடம் விடுவார்கள். தாளுக்கு நெருக்கம்தான் நல்லது, தாள் நிமிர்ந்து நீளும். வேர்ப் பக்கம் கீழே, நுனி மண் மட்டத்தில் தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்தால் முளைப்பதற்குள் அழுகும்.

வெயில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேராகப் பட வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் தாள் வெளிறி, நீண்டு, சாய்ந்துவிடும். அங்கே எந்த ரகமும் தேறாது.

தண்ணீரைச் சோதித்துவிட்டு ரகத்தை முடிவு செய்யுங்கள்

சென்னையில் கடலை ஒட்டிய பகுதிகளில் பல வீட்டு போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் கத்தரியும் கீரையும் சமாளித்துவிடும், வெங்காயம் முதல் மாதத்திலேயே நுனி கருகும். டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் அளந்து பாருங்கள். 500-க்குள் இருந்தால் கவலை இல்லை. 800-ஐத் தாண்டினால் மெட்ரோ வாட்டரோ பிடித்து வைத்த மழைநீரோதான் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வெங்காயத் தொட்டிக்கு மட்டும் அதை விடாதீர்கள், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும்.

நல்ல தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் விதை ரகங்களில் இறங்க வேண்டாம். நாற்றுப் பருவத்தில்தான் உப்பு மிக மோசமாகத் தாக்கும். சாம்பார் வெங்காயத்தை நட்டு, ஒரே ஒரு முறை நறுக்கி, தொட்டி மண்ணை அடுத்த மழையில் நன்றாகக் கழுவ விடுங்கள்.

விதையில் வளர்ப்பவர்களுக்கு: பெரிய வெங்காய ரகங்கள்

வெளிநாட்டு இணையதளங்களைப் பார்த்து விதை வாங்குபவர்கள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வெங்காயம் காய் கட்டுவதைப் பகல் நேரத்தின் நீளம்தான் தீர்மானிக்கிறது. குறும்பகல் ரகங்களுக்கு 11-12 மணி நேரப் பகல் போதும். நெடும்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். சென்னையில் டிசம்பரில் பகல் 11 மணி 20 நிமிடத்தை ஒட்டியும், ஜூனில் 13 மணிக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். அதனால் நெடும்பகல் ரகம் இங்கே எப்போது வைத்தாலும் காய் கட்டாது. காய் வேண்டுமென்பவருக்கு அது நஷ்டம், தாள் மட்டும் வேண்டுமென்பவருக்கு அது நஷ்டமில்லை. ஆனால் அந்த ரகங்கள் குளிர் நாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நம் வெயிலில் வளர்ச்சி மெதுவாகும், இலைப்பேன் பூச்சிக்குச் சீக்கிரம் இரையாகும். முதல் வருடம் அவற்றில் பணம் போட வேண்டாம்.

நம் நாட்டு ரகங்கள் பெரும்பாலும் குறும்பகல் வகை. அவற்றில் என்-53, அக்ரிஃபவுண்ட் டார்க் ரெட், அர்க்கா கல்யாண் மூன்றும் தென்மேற்குப் பருவ மழைக்காலத்துக்கென்று வந்தவை. புழுக்கமும் வெப்பமும் சேர்ந்த காலத்தைத் தாங்கிக்கொள்ளும். அக்ரிஃபவுண்ட் லைட் ரெட், அர்க்கா நிகேதன் போன்றவை குளிர்காலத்தில் விதைப்பவை. சென்னைக்கு முதல் கூட்டத்தில் ஒன்றை எடுப்பதே பத்திரம், ஏனென்றால் இங்கே குளிர்காலம் என்பதே சில வாரம்தான். சிவப்பு ரகங்களில் தாளின் அடி இளஞ்சிவப்பாக இருக்கும். அடி வெள்ளை வெளேரென்று வேண்டும் என்பவர்கள் வெள்ளை வெங்காய விதையைத் தேடுங்கள், காரமும் குறைவாக இருக்கும்.

விதை வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். ரகத்தின் பெயர் இருக்க வேண்டும். வெறும் 'ஸ்பிரிங் ஆனியன்' என்று மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது எந்த வெங்காயமாகவும் இருக்கலாம். சோதனைத் தேதி, காலாவதித் தேதி, முளைப்புத்திறன் ஆகிய மூன்றையும் பாருங்கள். வெங்காய விதைக்குச் சான்று பெற 70 சதவீத முளைப்புத்திறனாவது வேண்டும். வெங்காய விதை சீக்கிரம் செத்துப்போகும். ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. சென்னை ஈரப்பதத்தில் பாக்கெட்டைத் திறந்து சமையலறையில் வைத்தால் அந்த ஒரு வருடமும் நிற்காது. மிச்ச விதையை இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ரோஸ் நிறத்தில் சாயம் பூசிய விதை பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியது. குழந்தைகள் கையில் படாமல் விதைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

சந்தேகம் இருந்தால் 20 விதையை ஈர டிஷ்யூ பேப்பரில் பரப்பி, மடித்து, ஜிப் கவரில் போட்டு நிழலில் வையுங்கள். எட்டு நாளில் 14-க்கு மேல் முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். 10 என்றால் இரண்டு மடங்கு நெருக்கமாகத் தூவுங்கள். 8-க்குக் கீழே என்றால் வேறு பாக்கெட் வாங்குங்கள்.

ஒரு கிராமில் 250-லிருந்து 300 விதை இருக்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு தவணைக்கு அரை கிராம் போதும். அகலமான டிரேயில் இரண்டு அங்குல இடைவெளியில் கோடு கிழித்து, அரை அங்குல ஆழத்தில் விதைத்து, சலித்த உரத்தால் மூடுங்கள். பூவாளியால் மட்டும் தண்ணீர். முளை நேராக வராது. முதலில் ஒரு பச்சைக் கொக்கி மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும்பும், நுனி இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கும், ஓரிரு நாளில் தானாக விடுபட்டு நிமிரும், நுனியில் கருப்பு விதைத்தோல் தொப்பியாக ஒட்டியிருக்கும். அதைக் கையால் பிடுங்கிவிட ஆசை வரும். தொடாதீர்கள், வேரோடு வந்துவிடும்.

ஆறேழு வாரத்தில் நாற்று பென்சில் முனைத் தடிமன் வந்ததும் பிடுங்கி இரண்டு அங்குல இடைவெளியில் நடலாம். அல்லது விதைத்த டிரேயிலேயே நெருக்கமானவற்றை மட்டும் பிடுங்கிக் கலைத்துவிட்டு, மற்றதை வளர விடலாம். தாளுக்கு இதுவே போதும், கலைத்ததையும் சாப்பிடலாம். விதைத்த 70-லிருந்து 80 நாளில் முழுச் செடியாகப் பிடுங்குங்கள். அடி நெல்லிக்காய் அளவு பருத்த பிறகும் விட்டால் தாள் நார் பாய்ந்து, கழுத்து தொய்ந்து சாய்ந்துவிடும். அதன் பிறகு அது வெங்காயம், தாள் இல்லை.

நிரந்தரத் தொட்டிக்கு: பஞ்சிங் ரகம்

ஒரு முறை வைத்து வருடக்கணக்கில் நறுக்க வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் செடி. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா சௌம்யா இந்த வகை. எவர்கிரீன், இஷிகுரா போன்ற பெயர்களில் வரும் விதைகளும் இதே இனம்தான். தாள் தடிப்பாக, சதைப்பற்றாக, காரம் மட்டாக இருக்கும். முதல் மூன்று மாதம் பொறுமை வேண்டும். நாற்று மற்ற வெங்காயத்தைவிட மெதுவாகத்தான் தேறும். தூர் வெடித்துவிட்டால் பிறகு கவலை இல்லை. மே மாத வெயிலில் மட்டும் வளர்ச்சி நின்று கொஞ்சம் காயும். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே நகர்த்தி, நறுக்காமல் விட்டுவையுங்கள். மழை வந்ததும் துளிர்க்கும்.

கடையில் வாங்கிய வெங்காயத்தாளின் வேர்ப்பகுதியை ஒன்றரை அங்குலம் விட்டு நட்டு வளர்ப்பதும் உண்டு. தாள் வரும், தப்பில்லை. ஆனால் அது பெரிய வெங்காய வகையாக இருந்தால் இரண்டு முறைக்கு மேல் தராது. மொத்தமாக நறுக்குவதற்கு முன்னால் வெட்டுவாய் வட்டமா என்று பார்த்துக்கொண்டால் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துவிடும். சமையலறையில் முளைத்துவிட்ட பெல்லாரியை நட்டாலும் நாலைந்து தாள் கிடைக்கும். பிறகு நடுவிலிருந்து உருண்ட பூத்தண்டு கிளம்பும். அது தெரிந்த அன்றே அடியோடு ஒடித்துவிடுங்கள்.

சென்னையின் மாதங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். வெங்காயத்தாளைப் பொறுத்தவரை சென்னையில் ஆடியில் விதை வேண்டாம், சாம்பார் வெங்காயம் நடலாம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முடிய இரண்டு வாரத்துக்கு ஒரு பை வீதம் நட்டுக்கொண்டே போனால் வாரம் ஒரு கட்டு வரும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் திறந்த மாடியில் புதிதாக எதையும் நட வேண்டாம். மழைபடாத ஓரம் இருப்பவர்கள் மட்டும் தொடரலாம். நவம்பர் கடைசியில் கூரைக்கடியில் விதை டிரே போட்டால், மழை ஓய்ந்த தை மாதம் நாற்று நடத் தயாராக இருக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை விதைக்கு இந்த ஊரின் மிக நல்ல காலம். 35 டிகிரிக்கு மேல் வெங்காய விதை சரியாக முளைக்காது, அதனால் மார்ச்சுக்குப் பிறகு விதைப் பாக்கெட்டை ஃபிரிட்ஜிலேயே விட்டுவிடுங்கள். கத்திரி வெயிலில் தாள் வேண்டியவர்கள் பூண்டுத்தாள் வைத்துக்கொள்ளலாம். ருசி வேறு, ஆனால் அந்த வெயிலைத் தாங்கி நிற்கும்.

என்ன ஆயிற்று என்று தாளைப் பார்த்துச் சொல்வது

முதிர்ந்த தாள்களின் நுனி மட்டும் நேராகக் காய்ந்து பழுப்பானால் உப்பு, அல்லது வேர் காய்ந்தது. தாள் முழுக்க வெள்ளி நிறத்தில் கீறல் கீறலாகத் தெரிந்தால் இலைப்பேன். நடுத்தாள் பிரியும் இடுக்கை விரித்துப் பாருங்கள், வெளிர் மஞ்சளில் பொடிப்பொடியாக ஓடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதிச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அந்த இடுக்கு நனைய அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் பூச்சி சாகாது. ஐந்து நாள் விட்டு இன்னொரு முறை.

மழைக்காலத்தில் நீள்வட்டப் புள்ளி விழுந்து நடுவில் ஊதா நிறம் ஏறினால் ஊதாப்புள்ளி நோய். அந்தத் தாளை நறுக்கி வெளியே எறியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பையை மழையிலிருந்து நகர்த்துங்கள். செடி மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்து, அடி அழுகியிருந்தால் காரணம் தேங்கிய தண்ணீர். அந்தப் பையின் மண்ணில் அடுத்து வெங்காயமோ பூண்டோ வைக்காமல் கீரை போடுங்கள்.

தாள் பச்சையாக, தடிப்பாக இருந்தும் மடிந்து மடிந்து விழுகிறதா? உரம் மிஞ்சிவிட்டது. வழக்கமாகக் கொடுக்க வேண்டிய அளவு இதுதான்: 100 கிராம் கடலைப் புண்ணாக்கை இரண்டு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, 15 நாளுக்கு ஒரு முறை ஒரு பைக்கு அரை லிட்டர். அதற்கு மேல் வேண்டியதில்லை.

நறுக்குவது

காலையில், கூரான கத்தரிக்கோலால், மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு. நறுக்கிய அன்று மேலிருந்து தண்ணீர் தெளிக்காதீர்கள். தாள் குழல்தானே, தண்ணீர் உள்ளே இறங்கி நின்றால் அழுகும். பையின் ஓரமாக ஊற்றுங்கள். சாம்பார் வெங்காயம் இரண்டு நறுக்கலுக்கு நன்றாகத் தரும். மூன்றாவது முறை தாள் நூலாக வரும், குமிழில் சத்து தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது, அல்லது 40-45 நாளில், மொத்தமாகப் பிடுங்கி அடிவெங்காயத்தோடு சமைத்துவிடுங்கள். பஞ்சிங் தொட்டியில் ஒரே நேரத்தில் எல்லாத் தூரையும் நறுக்காமல் பாதி பாதியாக எடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில், தொட்டியைக் கவிழ்த்து இரண்டு மூன்று தூராகப் பிரித்து, நீண்ட வேரை இரண்டு அங்குலத்துக்குக் கத்தரித்து, புது மண்ணில் நடுங்கள்.